கடன் வாங்கிய தத்துவம்: குட்மனையும் ராதாகிருஷ்ணனையும் சேர்த்துப் படித்தபோது

அரிஸ்டாட்டிலின் மாணவர் க்ளியார்க்கஸ் ஒரு கதை எழுதி வைத்திருக்கிறார். அவர் நூல் தொலைந்துபோயிற்று. கி.பி. முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசிஃபஸ் எடுத்துக்காட்டிய பகுதி மட்டும் மிஞ்சியிருக்கிறது. கதை இதுதான். அரிஸ்டாட்டில் ஆசியாவில் ஒரு யூதரைச் சந்தித்தாராம். இந்த யூதர்கள் இந்தியத் தத்துவவாதிகளின் வழிவந்தவர்கள், இந்தியாவில் அவர்களைக் காலனர் என்பார்கள், சிரியாவில் யூதர் என்பார்கள் என்று சொன்னாராம். காலனஸ் என்பது அலெக்சாண்டரோடு பாரசீகம் வரை போய்த் தீப்புகுந்த இந்தியத் துறவியின் பெயர். மெகஸ்தனிஸும் கிட்டத்தட்ட இதே தொனியில், கிரேக்கர்கள் இயற்கையைப் பற்றிச் சொன்னதையெல்லாம் இந்தியாவில் பிராமணர்களும் சிரியாவில் யூதர்களும் சொல்லியிருக்கிறார்கள் என்று எழுதினார்.

வரலாறாகப் பார்த்தால் க்ளியார்க்கஸ் கதையில் சத்து இல்லை. ஆனால் ஒன்று கவனிக்கணும். கிரேக்கர்கள் யூதரையும் இந்தியரையும் முதலில் பார்த்தபோது இரண்டு பேரையும் தத்துவவாதிகள் வரிசையில்தான் உட்கார வைத்தார்கள். இரண்டாயிரம் வருடம் கழித்து ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் இரண்டு பேரையும் அதே வரிசையிலிருந்து எழுப்பிவிட்டன. பிறகு இரண்டு தரப்பும் "எங்களிடமும் தத்துவம் உண்டு" என்று மனு எழுத வேண்டி வந்தது. அந்த மனுக்களில் மிகப் பேர்பெற்ற இரண்டைச் சேர்த்துப் படித்ததன் குறிப்பு இது. ஒன்று, ஜூலியஸ் குட்மன் 1933இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட யூதத் தத்துவ வரலாறு. இன்னொன்று, ராதாகிருஷ்ணன் 1923, 1927 ஆகிய ஆண்டுகளில் இரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் எழுதிய 'இந்தியத் தத்துவம்'.

கும்மிடிப்பூண்டி பக்கம் தேர்வாய் கண்டிகையில் இருந்துகொண்டு யூதத் தத்துவம் உனக்கு எதுக்குப்பா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ராதாகிருஷ்ணன் பிறந்த திருத்தணி எங்கள் திருவள்ளூர் மாவட்டம்தான், அது ஒரு பதில். உண்மையான பதில் வேறே. தமிழில் சிந்தனை வரலாறு எழுதுகிறவர்கள் நூறு வருடமாக மாட்டிக்கொண்டு நிற்கும் ஒரு முட்டுச்சந்தில் யூத அறிஞர்களும் மாட்டினார்கள். அதில் ஒருத்தர் வெளியே வர வழி காட்டியிருக்கிறார். அதைச் சொல்லத்தான் இந்தச் சுற்று.

வரிசையிலிருந்து எழுப்பியது எப்படி?

18ஆம் நூற்றாண்டின் நடுவில் ப்ரூக்கர் லத்தீனில் எழுதிய பெரிய தத்துவ வரலாற்றில் (1742-44) எபிரேயர், பாரசீகர், இந்தியர் எல்லாருக்கும் இடம் இருந்தது. தலைப்பு என்னவோ 'காட்டுமிராண்டிகளின் தத்துவம்' என்ற ரகம்தான். இருந்தாலும் தத்துவம் என்று ஒப்புக்கொண்டார். அந்த நூற்றாண்டு முடியும்போது கான்ட் வழிவந்த டென்னமன் போன்றவர்கள் அந்த வாசலைச் சாத்தினார்கள். ஹெகல் அதற்குப் பூட்டுப் போட்டார். உண்மையான தத்துவம் கிரேக்கத்தில் தொடங்குகிறது, கீழை நாடுகளில் இருப்பது அதற்கு முந்தைய ஏதோ ஒன்று. மைமோனிடிஸுக்கு அரபுத் தத்துவத்தின் ஓரத்தில் கொஞ்சம் இடம். அவ்வளவுதான்.

இதற்கு முதல் பதில் யூதர்களிடமிருந்து வந்தது. 1819இல் பெர்லினில் சில இளைஞர்கள் யூதப் பண்பாட்டையும் அறிவியலையும் ஆராய ஒரு சங்கம் தொடங்கினார்கள். லியோபோல்ட் சூன்ஸ் அதில் இருந்தார், கவிஞர் ஹைனேயும் பிறகு சேர்ந்தார். அவர்களுக்கு இது வெறும் ஏட்டுப் படிப்பு இல்லை. எங்கள் மூதாதையரும் சிந்தித்தவர்கள் என்று நிரூபித்தால் எங்களுக்கும் குடியுரிமை, பல்கலைக்கழக வேலை எல்லாம் கிடைக்கும் என்ற நம்பிக்கை. சங்கத்தின் தலைவராக இருந்த எட்வர்ட் கான்ஸ் 1825இல் ஞானஸ்நானம் பெற்ற பிறகுதான் பெர்லின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆக முடிந்தது. நம்பிக்கையின் நிலவரம் அதுதான். ஆகவே யூதத் தத்துவ வரலாறு ஜெர்மன் பல்கலைக்கழகங்களுக்கு வெளியே, பிரெஸ்லாவிலும் பெர்லினிலும் இருந்த யூதக் கல்விக்கூடங்களில்தான் வளர்ந்தது. குட்மன் அந்தப் பெர்லின் கல்விக்கூடத்து ஆசிரியர்.

நம்ம பக்கம் கதை எண்பது தொண்ணூறு வருடம் தள்ளி நடக்கிறது. வேதாந்தத்தில் அறத்துக்கு இடமே இல்லை என்று மிஷனரி ஆசிரியர்கள் சொல்லிக்கொண்டிருந்த சென்னை கிறித்தவக் கல்லூரியில் படித்த ராதாகிருஷ்ணன், 1908இல் வேதாந்தத்தின் அறவியல் பற்றியே எம்.ஏ. ஆய்வேடு எழுதினார். பின்னால் வந்த இரண்டு தொகுதிகளும் அந்தப் பதிலின் விரிவு என்றுதான் நான் படிக்கிறேன்.

டேனியல் ஃபிராங்க், ஆலிவர் லீமன் இருவரும் 1997இல் தொகுத்த யூதத் தத்துவ வரலாற்றின் முதல் கட்டுரையில் ஃபிராங்க் ஒரு குண்டு போடுகிறார். 'யூதத் தத்துவம்' என்ற பொருளே 19ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர்கள் உண்டாக்கியது என்கிறார். மைமோனிடிஸிடம் போய் "நீங்கள் யூதத் தத்துவவாதியா?" என்று கேட்டால் அவருக்குக் கேள்வியே விளங்காது. சங்கரரிடம் போய் "நீங்கள் இந்தியத் தத்துவவாதியா?" என்று கேட்டால் என்ன ஆகும்? அதேதான். இரண்டு பெயர்ப்பலகையும் பின்னால் மாட்டியவை. மாட்டியது குற்றம் இல்லை. எதற்காக மாட்டினோம் என்பதை மறந்துவிடுவதுதான் சிக்கல்.

நூற்றாண்டுக் கணக்கில் மறைந்திருந்த ஒரு யூதர்

பலகையின் பிரச்சினை எவ்வளவு ஆழம் என்று காட்ட இந்தத் துறையிலேயே மிகச் சுவையான கண்டுபிடிப்பு ஒன்றைச் சொல்லணும். 12ஆம் நூற்றாண்டில் டொலேடோ நகரில் 'வாழ்வின் ஊற்று' என்ற அரபு நூல் லத்தீனுக்குப் போனது. ஆசிரியர் பெயர் அவிசெப்ரான். ஆள் முஸ்லிமா கிறித்தவரா என்று தெரியாமலே தாமஸ் அக்வினாஸ் உட்பட எல்லாரும் அவரோடு மல்லுக்கட்டினார்கள். 1846இல் பாரிஸில் சாலமன் முங்க் என்ற அறிஞர் எபிரேயச் சுவடி ஒன்றில் அதே நூலின் சுருக்கத்தைக் கண்டார். சுருக்கியவர் 13ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் ஃபலகேரா. மூல ஆசிரியர் இப்ன் கபிரோல். 11ஆம் நூற்றாண்டு ஸ்பெயின் யூதர், பாவமன்னிப்பு நாளில் யூதர்கள் ஓதும் துதிப்பாடலை எழுதிய அதே கவிஞர்! (முங்க் பின்னாளில் கண்பார்வை இழந்தார். அப்படியிருந்தும் மைமோனிடிஸின் 'குழம்பியோர்க்கு வழிகாட்டி'யை அரபு மூலத்தோடும் பிரெஞ்சு மொழிபெயர்ப்போடும் மூன்று தொகுதிகளாக முடித்துக் கொடுத்தார்.)

சரி, இப்போது கேள்வி. 'வாழ்வின் ஊற்று' நூலில் விவிலிய வசனம் ஒன்றுகூட இல்லை. யூத மதம் பற்றிய பேச்சும் இல்லை. 1845 வரை அது யூதத் தத்துவம் இல்லை, 1846 முதல் யூதத் தத்துவமா? எழுதியவர் பிறப்பு தெரிந்ததும் நூல் மாறிவிடுமா? குட்மன் இப்ன் கபிரோலைச் சேர்த்துக்கொள்கிறார், நல்ல விளக்கமும் தருகிறார். ஆனால் எந்த அளவுகோலால் சேர்த்தார் என்பது அவர் புத்தகத்தில் கடைசிவரை தெளிவாகவில்லை. இது அவருடைய முதல் பலவீனம்.

குட்மனின் முதல் பக்கம்

பலம் எங்கே என்றால், தொடக்கத்திலேயே. யூதர்கள் உள்ளிருந்து எழுந்த அடங்காத தாகத்தால் தத்துவம் பண்ணத் தொடங்கவில்லை, வெளியிலிருந்து வாங்கிக்கொண்டார்கள் என்று குட்மன் நூலின் வாசலிலேயே சொல்லிவிடுகிறார். அந்த வரலாறே கடன்களின் வரலாறு. அலெக்சாந்திரியாவில் ஃபைலோ கிரேக்கத்திலிருந்து வாங்கினார். பாக்தாத், கோர்தோவா, கெய்ரோ காலத்தில் சாதியாவும் மைமோனிடிஸும் அரபு மொழியில் இருந்த கலாமிடமிருந்தும் அரிஸ்டாட்டிலிடமிருந்தும் வாங்கினார்கள். மெண்டல்சோன் முதல் ஹெர்மன் கோஹன் வரை ஜெர்மானியரிடமிருந்து வாங்கினார்கள். வாங்கியதை வைத்து என்ன செய்தார்கள்? உலகம் படைக்கப்பட்டதா, என்றும் உள்ளதா? கடவுளுக்குப் பண்புகள் சொல்லலாமா? இந்த இடங்களில் வாங்கிய சரக்கு தங்கள் மரபோடு எங்கே உரசியது? குட்மன் கவனம் முழுக்க அங்கேதான்.

இதை எழுதிய ஆண்டைப் பாருங்கள். 1933. ஹிட்லர் ஆட்சிக்கு வந்த வருடம். அடுத்த வருடமே குட்மன் ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார், 1950இல் அங்கேயே இறந்தார். "எல்லாம் எங்களிடமிருந்துதான் போச்சு" என்று மார்தட்ட உலகத்தில் யாருக்காவது காரணம் இருந்தது என்றால் அன்றைக்குப் பெர்லினில் இருந்த ஒரு யூதப் பேராசிரியருக்குத்தான். அவர் தட்டவில்லை. வாங்கினோம் என்று எழுதினார். அந்த வரியால் மைமோனிடிஸ் ஒரு அங்குலம்கூடக் குறைந்துபோகவில்லை.

இந்த இடத்தில் ராதாகிருஷ்ணனைப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். அவருடைய ஆங்கிலம் தெளிவு, பௌத்தத்துக்குத் தாராளமாக இடம் கொடுத்தார், ஆரியர் அல்லாதார் கலப்பையும் மறைக்கவில்லை. ஆனால் அவர் கதையின் வடிவம் ஆலமரம். உபநிடதம் விதை, மற்றதெல்லாம் கிளை, உச்சி அத்வைதம். வெளியிலிருந்து வாங்கியதாகப் பெரிதாக எதையும் ஒப்புக்கொள்ளும் இடம் எனக்குத் தட்டுப்படவில்லை. அதே ராதாகிருஷ்ணன் 1939இல் கீழை மதங்களையும் மேலைச் சிந்தனையையும் பற்றி எழுதிய நூலில் யூதர்களின் எஸ்ஸீனியப் பிரிவில் இந்தியச் செல்வாக்கு இருக்கிறது என்று வாதாடுகிறார். ஆக, கடன் கொடுக்க ரெடி, வாங்கத்தான் மாட்டோம்! க்ளியார்க்கஸ் கதை இங்கே வேறு வேஷத்தில் திரும்ப வருகிறது.

சல்லடை யாருடையது?

இரண்டு புத்தகமும் ஒரே மாதிரி தடுக்கி விழும் இடமும் உண்டு. எதைத் தத்துவம் என்று எடுப்பது, எதை விடுவது?

குட்மன் சல்லடையில் கபாலா என்ற யூத மறைஞான மரபு பெரும்பாலும் நிற்காமல் போய்விடுகிறது. கெர்ஷோம் ஷோலெம் 1941இல் யூத மறைஞானத்தின் பெரும்போக்குகள் பற்றி எழுதிய பிறகுதான் கல்வியுலகம் அதைத் திரும்பிப் பார்த்தது. லியோ ஸ்ட்ராஸ் 1935லேயே வேறு பக்கத்திலிருந்து அடித்தார். மைமோனிடிஸுக்கு முதல் கேள்வி சட்டம். நபி ஏன் சட்டம் தருகிறார், ஒரு சமூகம் எப்படி வாழணும் என்பது. குட்மனோ கான்டுக்குப் பிந்திய 'மத உணர்வு' என்ற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்க்கிறார் என்றார். என் பார்வையில் ஸ்ட்ராஸ் சொன்னது சரி. எவர் வாசலைச் சாத்தினாரோ அவர் கையில் இருந்த அளவுகோலையே வாங்கி வீட்டைத் திரும்ப அளந்திருக்கிறார்கள்.

இந்தச் சல்லடையில் நம்ம ஊர் யூதர்களுக்கு இடமே கிடையாது. மைமோனிடிஸே லுனெல் ஊர் அறிஞர்களுக்கு எழுதிய கடிதத்தில், இந்தியாவில் உள்ள யூதர்களுக்கு ஓய்வுநாளும் விருத்தசேதனமும் தவிர ஒன்றும் தெரியாது என்கிறார். அதற்குச் சில பத்தாண்டு முன்னால் பயணம் செய்த தூதெலா பென்யமின், கொல்லத்து யூதர்களுக்கு மோசேயின் சட்டமும் தீர்க்கதரிசிகளும் தெரியும், தல்மூதும் கொஞ்சம் தெரியும் என்று எழுதி வைத்திருக்கிறார். எதை நம்புவது? அதைவிட முக்கியம், 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொச்சியில் இறந்த நெஹேமியா மோட்டா. கபாலா அறிந்தவர், எபிரேயத்தில் பக்திப்பாடல் எழுதியவர். கொச்சி யூதர் அவரை மகானாகவே கொண்டாடினார்கள். அவர் எந்தத் தத்துவ வரலாற்றிலும் ஏறமாட்டார். சித்தர்கள் இந்தியத் தத்துவ வரலாற்றில் ஏறாதது போலத்தான்.

ராதாகிருஷ்ணன் சல்லடையைப் பார்ப்போம். இரண்டாம் தொகுதியில் ராமானுஜருக்குத் தனி அத்தியாயம். அடுத்த ஒரே அத்தியாயத்துக்குள் சைவ சித்தாந்தம், காஷ்மீர சைவம், சாக்தம், மத்வர், நிம்பார்க்கர், வல்லபர், சைதன்யர் எல்லாரும் திருவிழா பஸ் மாதிரி நெருக்கிக்கொண்டு நிற்கிறார்கள். பக்க எண்ணிக்கை என் புகார் இல்லை. பிராட்லி போன்ற ஆங்கிலேயக் கருத்துமுதல்வாதிகள் மதித்த 'முழுமுதல் ஒன்று' என்ற அளவுகோலில் அத்வைதம் உயரமாகத் தெரியும். உயிர்கள் பல, உலகம் உண்மை, மலம் நீங்க இறைவன் அருள் வேண்டும் என்கிற சித்தாந்தம் குட்டையாகத்தான் தெரியும். இங்கே அளவுகோலே கடன் வாங்கியது. ஆனால் அதை மட்டும் கடன் கணக்கில் எழுதவில்லை.

நமக்கு என்ன?

இதற்கு எதிர்வினையாகத் தமிழில் என்ன நடந்தது? சிவஞானபோதம் பற்றிய சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் தந்த நூல். 12 நூற்பா, 40 அடி. 1854இல் ஹாய்சிங்டன், 1895இல் நல்லசாமிப் பிள்ளை என்று ஆங்கிலத்துக்குப் போனது. 18ஆம் நூற்றாண்டில் மாபாடியம் எழுதிய சிவஞான முனிவர் இது ரௌரவ ஆகமத்துச் சூத்திரங்களின் மொழிபெயர்ப்பு என்று சங்கடமே இல்லாமல் சொன்னார். 20ஆம் நூற்றாண்டில் அது மானப் பிரச்சினை ஆகிவிட்டது. வடமொழிதான் மூலம் என்று ஒரு கட்சி, தமிழே முதனூல் என்று ஒரு கட்சி. நூறு வருட மை செலவு. நூல் என்ன வாதம் பண்ணுகிறது என்ற பேச்சு பின்னாடி போய்விட்டது.

ஒரே ஒரு உதாரணம். முதல் நூற்பாவின் வாதம், உலகத்தை ஆண், பெண், அஃறிணை என்று மூன்றாகப் பிரித்துக்கொண்டு தொடங்குகிறது. வடமொழியில் பால் என்பது சொல்லைச் சேர்ந்தது. மனைவியைக் குறிக்கும் 'தார' ஆண்பால், அதே பொருள் தரும் 'களத்ர' நபும்சகம். தமிழில் பால் பொருளைச் சேர்ந்தது. மனைவி எந்தச் சொல்லால் சொன்னாலும் பெண்பால்தான். அப்படியென்றால், இலக்கணப் பாகுபாட்டைக் காட்டி உலகத்தைப் பற்றி ஒரு வாதம் கட்டும்போது, தமிழில் அந்தக் கட்டுமானம் நேராக நிற்கிறது. மூலம் எந்த மொழியாக இருந்தாலும், தமிழுக்குள் வந்ததும் வாதத்துக்கு வேறொரு பிடி கிடைக்கிறது. இது விவாதிக்க வேண்டிய கேள்வி. மூலம் எது என்ற சண்டைக்குள் நின்றுகொண்டு இதைக் கேட்கவே முடியாது.

மணிமேகலையின் 29ஆம் காதையும் இப்படித்தான். அதில் வரும் பௌத்த அளவை, 'நியாயப்பிரவேசம்' என்ற வடமொழி நூலோடு நெருக்கமாக ஒத்துப்போகிறது. உடனே மொழிபெயர்ப்பா இல்லையா என்று பஞ்சாயத்து. பக்கம், ஏது, திட்டாந்தம் என்று ஒரு காவியத்துக்குள் அளவைக் கலைச்சொற்கள் குடியேறியது எவ்வளவு பெரிய காரியம்! யூத மரபில் இதற்கு நேர்ப் பொருத்தம் இப்ன் திப்பன் குடும்பம். சாமுவேல் இப்ன் திப்பன் 1204இல் மைமோனிடிஸின் வழிகாட்டியை அரபிலிருந்து எபிரேயத்துக்கு மாற்றினார். பிறகு அதிலுள்ள புதுச் சொற்களுக்குத் தனி அகராதியே எழுதினார். இடைக்கால எபிரேயத்தின் தத்துவச் சொல்வளம் பெரும்பகுதி அப்படி உண்டானது. யூத வரலாற்றாசிரியர்கள் அதைச் சாதனையாகத்தான் எழுதுகிறார்கள்.

ஒரு நியாயமான மறுப்பு உண்டு. "குட்மனுக்குச் சுலபம். வாங்கினோம் என்று சொன்னால் கிரேக்கர் வந்து அவர் தலையில் உட்காரப் போவதில்லை. இங்கே 'வடமொழியிலிருந்து வாங்கியது' என்று சொன்னவர்கள் அடுத்த மூச்சிலேயே 'ஆகவே தாழ்ந்தது' என்றார்களே?" வாஸ்தவம். அந்தக் காயம் பொய் இல்லை. ஆனால் பிழை 'வாங்கியது' என்பதில் இல்லை, 'ஆகவே' என்பதில் இருக்கிறது. நாம் அந்த 'ஆகவே'யை ஒப்புக்கொண்டு 'வாங்கியது' என்பதை மறுத்துக்கொண்டிருக்கிறோம்.

இந்த வெட்கம் தமிழ் மரபில் இருந்ததாகவும் தெரியவில்லை. தொல்காப்பிய மரபியல் நூல்களை முதனூல், வழிநூல் என்று பிரிக்கிறது. வழிநூலை நான்கு வகையாக்கி, தொகுத்தல், விரித்தல், தொகைவிரி ஆகியவற்றோடு மொழிபெயர்ப்பையும் நான்காவதாக வைக்கிறது. மொழிபெயர்த்தது ஒரு நூல்வகை, அவ்வளவுதான். அதில் அவமானம் எங்கே இருக்கிறது? 'முதலில் யார்' என்பதே எல்லாம் என்ற எண்ணம், ஹெகல் பூட்டிய வாசலில் நின்று மனு எழுதிய காலத்தில் நமக்குள் வந்தது. நாம் வாங்கிய கடன்களில் திருப்பிக் கொடுக்க வேண்டியது அந்த ஒன்றுதான்.

ஆகவே அடுத்து தமிழ்ச் சிந்தனை வரலாறு எழுதப்போகிறவர் குட்மன் சல்லடையை விட்டுவிட்டு அவர் முதல் பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். பௌத்தரிடம், சமணரிடம், ஆகமத்திடம், மிஷனரியிடம் என்னென்ன வாங்கினோம் என்று வாசலிலேயே பட்டியல் போடட்டும். எந்தச் சொல் எப்போது தமிழுக்கு வந்தது, வந்து என்ன பொருள் மாறியது என்று காட்டட்டும். அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியார் பரபக்கத்தில் 14 மதங்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றின் வாதத்தையும் அவரவர் வாயாலேயே சொல்லவிட்டுப் பிறகுதான் மறுக்கிறார். பிறர் சரக்கை அவ்வளவு கிட்டத்தில் வைத்துப் பார்க்க அவருக்குக் கூச்சம் இருக்கவில்லை. அடுத்த குறிப்பில் பரபக்கத்தையும், யூத ஹலேவியின் 12ஆம் நூற்றாண்டு 'குசரி'யையும் எடுத்துக்கொள்கிறேன். அதிலும் ஒரு ராஜா தத்துவவாதி, கிறித்தவர், முஸ்லிம், யூதர் என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரிக்கிறார்.